பன்னிரண்டா, பதினாறா?

மோட்டார்ப் பந்தயக்காரர்கள் நாலு பேர் கூடினால் இஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். சக்கரத்தைப் பற்றிப் பேசுவார்கள். பிறருடைய வண்டியின் குறைகளைப் பற்றிக் கட்டாயம் பேசுவார்கள். ஒரு மூலையில் கறுப்புப் பெட்டியாகச் சும்மா உட்கார்ந்திருக்கும் பாட்டரியைப் பற்றி யார் பேசப் போகிறார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அமெரிக்காவில் டீஸல் வண்டிகளைக் கால் மைல் பந்தயத்தில் விடுகிறவர்களுக்குள் அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்தே ஒரு வாதம் உண்டு. வழக்கமான 12 வோல்ட் பாட்டரியே போதுமா, அல்லது 16 வோல்ட் பாட்டரிக்கு மாறிவிடலாமா என்பதுதான் அந்த வாதம்.

"நம் வீட்டில் பந்தய வண்டி ஏது? இதில் நமக்கென்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அழுத்தம் கூடினால் பலமும் கூடும் என்ற நம்பிக்கை பந்தயக்காரர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. மின்சார சாமான் இருக்கும் வீடுகளிலெல்லாம் அது குடியிருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் ஆளைக் கவிழ்த்து விடுகிறது என்பதை அறிய இந்த வாதத்தைக் காட்டிலும் நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஆகையால் இவ்வாரம் அதையே எடுத்துக் கொள்வோம்.

ஆமையும் முயலும்

டீஸல் என்றால் லாரியும் பஸ்ஸும் ஆற்று நீரை இறைக்கும் பம்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சுமை இழுப்பதில் யானை, வேகத்தில் ஆமை என்று அதற்குப் பெயர். ஆனால் இந்த ஆமை பந்தய மைதானத்தில் முயல்களைப் பல தடவை வெட்கப்பட வைத்திருக்கிறது.

1931-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த 500 மைல் பந்தயத்தில் கம்மின்ஸ் கம்பெனியின் டீஸல் வண்டி ஒன்று கலந்து கொண்டது. மற்ற வண்டிகள் எண்ணெய்க்காக நின்று நின்று போக, இது 500 மைலையும் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்துப் பதின்மூன்றாவதாக வந்தது. அதே கம்பெனியின் வேறொரு வண்டி 1952-இல் மணிக்கு 138 மைல் வேகத்தில் தகுதிச் சுற்றுகளை ஓடி, எல்லா வண்டிகளுக்கும் முன்னால் நின்று புறப்படும் பெருமையைப் பெற்றது. பாவம், பந்தயத்தின் நடுவே காற்றை உள்ளே தள்ளும் டர்போவின் வாயில் குப்பை அடைத்துக் கொண்டதால் 71-ஆவது சுற்றோடு அது நின்றுவிட்டது.

2006-இல் பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆடி கம்பெனியின் டீஸல் வண்டி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போயிற்று. டீஸல் வண்டி ஒன்று அங்கே வெற்றி பெற்றது அதுவே முதல் தடவை. அந்த வருஷம் முதல் 2014 வரையில், ஒரே ஒரு வருஷம் பெழோ கம்பெனியும், மற்ற வருஷங்களில் ஆடியுமாக, ஒன்பது வருஷங்கள் தொடர்ந்து டீஸல் வண்டிகளே அங்கு ஜயித்தன. அதே 2006-இல் அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் ஜே.ஸி.பி. கம்பெனியின் டீஸல் வண்டி மணிக்கு 350 மைலுக்கு மேல் பறந்தது. ஆமை என்று இனி யார் சொல்வார்கள்?

எட்டு அறை வீடு

இனிப் பாட்டரிக்கு வருவோம். ஈயத் தகடும் கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரியை 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்தார். அதன் ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் அழுத்தம் தருகிறது. இது ஈயத்துக்கும் திராவகத்துக்கும் இயற்கை வகுத்த அளவு. அறையைப் பெரிதாகக் கட்டினாலும் கூடாது, சிறிதாகக் கட்டினாலும் குறையாது. அழுத்தம் அதிகம் வேண்டுமானால் அறைகளைத்தான் அதிகமாக்க வேண்டும். நாம் 12 வோல்ட் என்று சொல்லும் பாட்டரியில் ஆறு அறைகள் வரிசையாக இணைந்து 12.6 வோல்ட் தருகின்றன. பந்தயக்காரர்களின் 16 வோல்ட் பாட்டரியில் எட்டு அறைகள் இருக்கின்றன. முழுதும் ஊட்டம் ஏறிய நிலையில் அது 16.8 வோல்ட் காட்டும்.

மின் அழுத்தம் என்பது மாடித் தொட்டியின் உயரம் மாதிரி. தொட்டி உயர இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு விஷயம். அமெரிக்காவின் பெரிய டீஸல் வண்டிகளில் சாதாரணமாக இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள் இருக்கும். அவற்றை ஒன்றன் பின் ஒன்றாக இணைக்காமல் பக்கம் பக்கமாக இணைத்திருப்பார்கள். இரண்டு தொட்டிகளை ஒரே உயரத்தில் வைத்தது போல், தண்ணீர் இரட்டிப்பு, உயரம் அதேதான். 16 வோல்ட் பாட்டரியோ தொட்டியையே தூக்கி வைக்கும் காரியம். குழப்பம் எல்லாம் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதிலிருந்துதான் ஆரம்பமாகிறது.

டீஸலின் பிடிவாதம்

பெட்ரோல் பந்தய வண்டிக்காரர்கள் 16 வோல்ட்டை விரும்பியதற்குத் தகுந்த காரணம் உண்டு. கால் மைல் பந்தயம் சில விநாடிகளில் முடிந்துவிடும். அவ்வளவு குறைந்த நேரத்துக்காக மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுமப்பானேன், அதைச் சுற்றுவதற்கு இஞ்சின் சக்தியைச் செலவிடுவானேன் என்று பலர் அதைக் கழற்றி எறிந்து விடுகிறார்கள். பிறகு எல்லாப் பாரமும் பாட்டரியின் தலையில் விழுகிறது. பாட்டரி தளர்ந்தால் பெட்ரோலைக் கொளுத்தும் மின்பொறியும் தளரும். அறை இரண்டு கூடுதலாக இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஆனால் டீஸல் இஞ்சினில் மின்பொறியே கிடையாதே! சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு டீஸலின் ரகசியம் தெரியும். காற்றை நெருக்கினால் அது சூடேறும். டீஸல் இஞ்சினில் பிஸ்டன் காற்றைப் பதினைந்து, பதினேழு மடங்கு நெருக்குகிறது. உஷ்ணம் 500 டிகிரி ஸெண்டிகிரேடுக்கு மேல் போகிறது. அந்தக் காற்றில் எண்ணெயைத் தூவியதும் அது தானே பற்றிக்கொள்ளும். நெருப்புக் குச்சிக்கு வேலையே இல்லை. எனவே, நெருப்புக் குச்சியைப் பலப்படுத்துவதற்காகப் பெட்ரோல்காரர் வாங்கிய பாட்டரியை டீஸல்காரரும் வாங்கினால், வழுக்கைத் தலையர் சீப்பு வாங்கிய கதைதான்.

அப்படியானால் டீஸலுக்கு அதனால் பிரயோஜனமே இல்லையா? அவ்வாறு தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. ஓடிக் கொண்டிருக்கும் டீஸலுக்கு மின்பொறி தேவையில்லை. உறங்கிக் கிடக்கும் டீஸலை எழுப்புவதற்குத்தான் மின்சாரம் வேண்டும். அவ்வளவு நெருக்கத்தை எதிர்த்து இஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் இஞ்சினைச் சுற்றுவதைவிடக் கடினம். மெதுவாகச் சுற்றினாலும் பயனில்லை. நெருக்கப்பட்ட காற்றின் சூடு, எண்ணெய் வந்து சேருமுன் குளிர்ந்த ஸிலிண்டர்ச் சுவருக்குள் இறங்கிவிடும். வேகமாகச் சுற்றினால்தான் சூடு நிற்கும். சூடு நின்றால்தான் எண்ணெய் பற்றும்.

பந்தய டீஸலில் இந்தப் பிடிவாதம் இன்னும் அதிகம். டர்போ அளவுக்கு மீறிக் காற்றைத் திணிக்கும்போது இஞ்சின் வெடித்துவிடாமல் இருப்பதற்காக, பந்தயக்காரர்கள் பலர் பிஸ்டனின் நெருக்கும் அளவையே சற்றுக் குறைத்து விடுகிறார்கள். ஓட்டத்தில் அது நன்மை, எழுப்பும்போது தொல்லை. நெருக்கம் குறைந்தால் சூடும் குறைவு அல்லவா? அந்தக் குறையை ஸ்டார்ட்டர் மோட்டாரின் வேகத்தால் ஈடு செய்ய வேண்டியிருக்கிறது. அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றும் என்பதில் சந்தேகமில்லை.

மற்றொரு நன்மையும் உண்டு. ஸ்டார்ட்டர் சில நூறு ஆம்பியர் மின்சாரத்தை ஒரே மடக்கில் குடிக்கும் சமயத்தில் பாட்டரியின் அழுத்தம் சரிந்து விழும். இந்தக் காலத்து டீஸலில் எண்ணெயை எப்போது, எவ்வளவு தூவுவது என்று தீர்மானிப்பது ஒரு மின்னணு மூளை. அழுத்தம் மிகவும் சரிந்தால் அந்த மூளை மயக்கம் போட்டுவிடும். மூளை மயங்கினால் இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் எண்ணெய் இறங்காது. எட்டு அறைப் பாட்டரி சரிந்தாலும், மூளை மயங்காத உயரத்திலேயே நின்றுகொள்ளும்.

உதவிக்கு வந்த உபத்திரவம்

இவ்வளவு நன்மை இருந்தும் வாதம் ஏன் ஓயவில்லை? பாட்டரியின் வாசலில் ஸ்டார்ட்டர் மட்டும் நிற்கவில்லை என்பதுதான் காரணம். விளக்கு, பம்ப், மூளை, உஷ்ணக் கம்பி எல்லாம் கைகோத்து நிற்கின்றன. அவையனைத்தும் 12 வோல்ட் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவை.

உஷ்ணக் கம்பியையே எடுத்துக் கொள்வோம். குளிர்ந்த டீஸல் சுலபமாகப் பற்றுவதற்காக ஸிலிண்டருக்குள்ளோ, காற்று வரும் வழியிலோ மின்சாரத்தால் சூடேறும் கம்பி ஒன்றை வைத்திருப்பார்கள். அதில் எழும் சூடு அழுத்தத்தோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கூடுவதில்லை. அழுத்தத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 12 என்பது 16 ஆனால், அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான் அதிகம். சூடோ ஏறக்குறைய 1.78 மடங்கு! அதைத் தாங்கப் பிறக்காத கம்பி வெகு சீக்கிரத்தில் எரிந்து போகும். ஸிலிண்டருக்குள் ஒரு துண்டு உடைந்து விழுந்தாலோ, இஞ்சினுக்கே ஈமக்கிரியை செய்ய வேண்டியதுதான். இழை விளக்குகளும் அப்படியே. கண்ணைப் பறிக்கும்படி பிரகாசித்துவிட்டு விரைவில் கண்ணை மூடும்.

ஊட்டம் ஏற்றும் விஷயத்தைப் பார்ப்போம். 12 வோல்ட் வண்டியின் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே போவதோடு நிறுத்திக் கொள்ளும். எட்டு அறைப் பாட்டரிக்கு 18 முதல் 19 வோல்ட் வரையில் கொடுத்தால்தான் முழு ஊட்டம் ஏறும். பழைய ஆல்டர்னேட்டரோடு புதிய பாட்டரியை இணைத்தால், "இங்கே அழுத்தம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறதே!" என்று ஆல்டர்னேட்டர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடும். பாட்டரி நாளுக்கு நாள் இளைக்கும். சரி, ஆல்டர்னேட்டரையும் 19 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்றால், அந்த 19 வோல்ட்டையும் மின்னணு மூளை தாங்க வேண்டும். அது தாங்குமா என்பதை அதைச் செய்தவர்களிடம் கேட்காமல் சோதித்துப் பார்ப்பது விலை உயர்ந்த விளையாட்டு.

தூவும் கருவிகளுக்கு அழுத்தம் கூடுதலாகக் கிடைத்தால் எண்ணெய் நன்றாக இறங்கி இஞ்சின் பலம் ஏறாதா என்று சிலர் எண்ணுகிறார்கள். இதுவும் வீண் ஆசை. நவீன டீஸலின் மூளை, பாட்டரி கொடுக்கும் அழுத்தத்தை அப்படியே தூவிக்கு அனுப்புவதில்லை. தனக்குள்ளேயே அதைப் பல மடங்கு உயர்த்தி, அளந்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவே கொடுக்கிறது. வாசலில் பன்னிரண்டு வந்தாலும் பதினாறு வந்தாலும் பந்தியில் பரிமாறுவது ஒரே அளவுதான்.

உயிர் சம்பந்தமான எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். ஈயப் பாட்டரிக்குத் தகாத அளவில் ஊட்டம் ஏற்றினால் அது ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். அந்த வாயுவுக்கு ஒரு சிறு பொறி போதும். பாட்டரி வெடித்துத் திராவகம் முகத்தில் தெறிக்கும். எட்டு அறைப் பாட்டரிக்கு ஆறு அறைச் சார்ஜரும், ஆறு அறைப் பாட்டரிக்கு எட்டு அறைச் சார்ஜரும் ஒருநாளும் ஆகா. கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்குவதும் ஆகாது.

குடும்பத்தோடு குடிபெயர்தல்

இதையெல்லாம் கேட்டு, அழுத்தத்தைக் கூட்டுவதே தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மோட்டார் வண்டியின் சரித்திரமே அழுத்தம் கூடிக்கொண்டு வந்த சரித்திரந்தான். அமெரிக்க மோட்டார்கள் ஒரு காலத்தில் 6 வோல்ட்டில் ஓடின. இஞ்சின்கள் பெரிதாகி, நெருக்கமும் கூடியதால் 1950-களில் 12 வோல்ட்டுக்கு மாறின. கனமான டீஸல் லாரிகள் பலவற்றில் 24 வோல்ட்தான். அங்கெல்லாம் என்ன நடந்தது? பாட்டரி மட்டும் மாறவில்லை. விளக்கும் மோட்டாரும் ஊட்டக் கருவியும் சேர்ந்து மாறின. குடும்பத் தலைவர் மட்டும் புது ஊருக்குப் போய், பெண்டு பிள்ளைகளைப் பழைய ஊரிலேயே விட்டுவிடவில்லை. எல்லோரும் சேர்ந்து குடிபெயர்ந்தார்கள். 1990-களின் கடைசியில் உலகத்து மோட்டார்களையெல்லாம் 42 வோல்ட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் திட்டம் போட்டன. அத்தனை உறுப்புகளையும் மாற்றும் செலவைக் கணக்குப் பார்த்ததும் அந்தத் திட்டம் அடங்கிப் போயிற்று. மின் அழுத்தம் என்பது ஒரு பெட்டியின் குணமல்ல. வண்டியின் உறுப்புகள் அனைத்தும் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கை.

உடன்படிக்கை சரியாக அமைந்தால் உயர்ந்த அழுத்தம் டீஸலுக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு ஆடி கம்பெனியே சாட்சி. டர்போவுக்கு ஒரு சோம்பேறித்தனம் உண்டு. புகை வேகமாக வந்து தள்ளினால்தான் அது சுழலும். ஓட்டுகிறவர் மிதித்த மாத்திரத்தில் எழுந்திருக்காது. 2016-இல் வந்த ஆடியின் எஸ்க்யூ7 என்ற டீஸல் வண்டியில், புகைக்குக் காத்திராமல் மின்சாரத்தாலேயே சுழன்று காற்றைத் தள்ளும் விசிறி ஒன்றை வைத்தார்கள். கால் விநாடியில் அது நிமிஷத்துக்கு 70,000 சுற்று வேகத்தை எட்டிவிடும். அதற்கு 7 கிலோவாட் சக்தி வேண்டும். 12 வோல்ட்டில் கொடுப்பதானால் ஏறக்குறைய 580 ஆம்பியர்; கைத்தடி போன்ற கம்பி போட வேண்டியிருக்கும். 48 வோல்ட்டில் 146 ஆம்பியர் போதும். மின்னோட்டம் நாலில் ஒன்றானால், அதே கம்பியில் வீணாகும் சூடு பதினாறில் ஒன்றாகிவிடும். ஆனால் வண்டி முழுவதையும் அவர்கள் 48 வோல்ட்டுக்கு மாற்றவில்லை. விசிறிக்குத் தனிப் பாட்டரி. மற்றவற்றுக்குப் பழைய 12 வோல்ட். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் போல ஒரு மாற்றுக் கருவி. 60 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மனிதரைத் தாக்கும் அபாயம் குறைவு என்பதும் 48-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

லெ மான் பந்தயத்தில் ஆடியின் டீஸல் வண்டிகள் இன்னும் மேலே சென்றன. 2012-இல் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சுழல் சக்கரத்தில் சேமித்து, முன் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2016-இல் அந்தச் சக்கரத்துக்குப் பதிலாக லிதியம் பாட்டரி வந்தது. இவையெல்லாம் சில நூறு வோல்ட் சமாசாரம். தொட்டால் உயிரோடு விளையாட்டு. 2008-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் மைதானத்தில் இத்தகைய மின்கருவி பூட்டிய பெட்ரோல் பந்தய வண்டி ஒன்றைத் தொட்ட தொழிலாளி ஒருவர் அதிர்ச்சி தாக்கிக் கீழே விழுந்தார். நல்ல வேளையாகப் பிழைத்துக் கொண்டார். தொடுவதற்கு வண்டி பத்திரமான நிலையில் இருக்கிறதா இல்லையா என்று விளக்குப் போட்டுக் காட்டும் ஏற்பாடு அத்தகைய வண்டிகளில் உண்டு. பச்சை எரிந்தால்தான் கிட்டே போகலாம். 2016-க்குப் பிறகு ஆடி அந்தப் பந்தயத்திலிருந்து டீஸலை விலக்கிக் கொண்டது. ஆனால் அது கற்பித்த பாடம் நிற்கிறது.

நமது தீர்ப்பு

பன்னிரண்டா, பதினாறா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஆல்டர்னேட்டர் இல்லாத, நெருக்கம் குறைத்த, பந்தயத்துக்கென்றே செய்த டீஸல் வண்டியானால் பதினாறுக்கு நியாயம் உண்டு. அப்போதும் அந்த அழுத்தத்தை ஸ்டார்ட்டருக்கும், அதைத் தாங்கக்கூடிய பம்புகளுக்கும் மட்டும் கொடுத்து, மூளைக்கும் விளக்குகளுக்கும் குறைத்துக் கொடுக்கும் கருவியை நடுவில் வைப்பதே புத்திசாலித்தனம். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போய் ஏழாம் நாள் பந்தயத்துக்குப் போகும் வண்டிக்கோ பக்கம் பக்கமாக இணைத்த இரண்டு நல்ல 12 வோல்ட் பாட்டரிகள் போதும்.

எந்த வண்டியானாலும் பாட்டரிக் கடைக்குக் கிளம்புமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாட்டரியின் முனையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது, ஸ்டார்ட்டரின் முனையில் எவ்வளவு வந்து சேருகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். வழியில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 800 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் அங்கேயே தொலைந்து போகும். பூத்துப்போன முனையும், இளைத்துப்போன கம்பியும், வர்ணத்தின் மேல் முடுக்கிய திருகும் இப்படி ஒன்றரை, இரண்டு வோல்ட்டைச் சுலபமாக விழுங்கிவிடும். அந்த இரண்டு வோல்ட்டை மீட்பதற்கு இரண்டு அறை கூடுதலாக வாங்குகிறவர், ஓட்டைக் குடத்தை அடைக்காமல் பெரிய கிணறு வெட்டுகிறவருக்குச் சமானம். உப்புத்தாளும் ஒரு கெட்டிக் கம்பியும் அரை மணி நேர உழைப்பும் அநேகருடைய வாதத்தைத் தீர்த்து வைத்துவிடும். அவற்றாலும் தீராத வாதத்துக்குத்தான் பதினாறு வோல்ட்.